பிப்ரவரி மீன்: இங்கிலாந்தின் குளிர்காலத் தூண்டில் வரலாறு

மூன்று தேதிகளைச் சொல்லித் தொடங்குகிறேன்.

1967 பிப்ரவரி. இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக் பகுதியில் ஹார்சி மியர் என்ற ஏரி. பீட்டர் ஹான்காக் என்பவரின் தூண்டிலில் 40 பவுண்டு 1 அவுன்ஸ் எடையுள்ள பைக் மீன் மாட்டுகிறது. 1985 பிப்ரவரி. அதே வட்டாரத்தில் ஓடும் தர்ன் ஆறு. நெவில் ஃபிக்லிங் பிடித்த மீன் 41 பவுண்டு 6 அவுன்ஸ். 2024 பிப்ரவரி. பிரிஸ்டல் நகருக்குத் தெற்கே சூ வேலி நீர்த்தேக்கம். இந்த முறை 47 பவுண்டு 5 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 21.5 கிலோ.

மூன்றும் பிடிபட்ட காலத்தில் பிரிட்டனின் சாதனை மீன்கள். மூன்றும் பிப்ரவரியில் வந்தவை. இடையில் ஆகஸ்டிலும் அக்டோபரிலும் சாதனை முறிந்ததுண்டு. ஆனாலும் பைக் மீனைத் தேடுகிற ஆங்கிலேயத் தூண்டில்காரர், கடுமையாகக் குளிரும் இந்த மாதத்தைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார். வரப்பில் உறைபனி, விறைத்துப் போன விரல்கள், சீக்கிரமே மங்கிவிடும் வெளிச்சம். இத்தனையும் இருந்தும் ஏன் குளிர்காலம்? இதற்கு மீனின் உடலில் ஒரு பதில் இருக்கிறது, பிரிட்டிஷ் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது, தூண்டில்காரர்களின் மனம் மாறிய கதையில் ஒரு பதில் இருக்கிறது. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் மீன். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் நன்னீரில் வாழும் வேட்டை மீன் இது. நீண்ட உடல், தட்டையான பெரிய வாய், உள்நோக்கிச் சாய்ந்த கூர்மையான பற்கள். முதுகுத் துடுப்பு வாலுக்குப் பக்கத்தில் இருப்பதால் நின்ற இடத்திலிருந்து ஒரே உந்தலில் பாய முடியும். நம்மூர் விரால் பாசிக்குள் அசையாமல் நின்று, இரை பக்கத்தில் வந்ததும் பாய்வதைப் பார்த்தவர்களுக்கு இதன் வேட்டை உடனே புரிந்துவிடும்.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். தண்ணீர் குளிரக் குளிரச் செரிமானம் மெதுவாகும், பசி குறையும். கெண்டையும் டெஞ்சும் கடுங்குளிரில் ஏறக்குறைய ஓய்ந்துவிடும். பைக் மீன் அப்படி ஓய்வதில்லை. குறைவாகத் தின்னும், ஆனால் தின்றுகொண்டே இருக்கும். காரணம், பெண் மீனின் வயிற்றில் குளிர்காலம் முழுவதும் சினை வளர்கிறது. குளிர்காலம் முடியும் தறுவாயில் தொடங்கி வசந்தத்துக்குள் அது கரையோரப் பாசியில் முட்டையிட வேண்டும். ஆகவே முட்டையிடுவதற்குச் சற்று முன்பு, பிப்ரவரியிலும் மார்ச் தொடக்கத்திலும், பெண் மீன் தன் உச்ச எடையில் இருக்கும். பெரிய மீன்கள் எல்லாமே பெண் மீன்கள்தான். ஆண் மீன் அந்த அளவுக்கு வளர்வதில்லை.

இன்னொரு காரணம் இரைமீன். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதனால் ஏரியின் மேற்பரப்பு உறையும்போதும் அடித்தட்டில் 4 டிகிரியை ஒட்டிய தண்ணீர் தங்கும். கோடையில் ஏரி முழுக்கப் பரவித் திரியும் ரோச், பிரீம் போன்ற சிறு மீன்கள், பாசி மடிந்ததும் ஒளிய இடமில்லாமல் கூட்டமாக ஒதுங்குகின்றன. ஆழமான குழிகள், படகுத் துறைகள், ஊருக்குள் ஓடும் வாய்க்கால்கள் எல்லாம் அவற்றின் குளிர்காலப் புகலிடங்கள். இரை ஒதுங்கிய இடத்துக்கு வேட்டைமீனும் வந்து சேரும். குளிர்காலத்தில் பைக் மீனைத் தேடுவது என்றால் முதலில் ரோச் கூட்டம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தில் பைக் மீன் பெரிய வீட்டு விருந்துச் சாப்பாடு. வெள்ளிக்கிழமையும் நோன்பு நாட்களிலும் இறைச்சி கூடாது என்ற திருச்சபை விதியால் மடங்களும் மாளிகைகளும் மீன்குளம் வெட்டி வைத்திருந்தன. 1465இல் ஜார்ஜ் நெவில் யார்க் பேராயராகப் பதவியேற்றபோது நடந்த விருந்தின் பட்டியலில் பைக் மீனும் பிரீம் மீனுமாக 608 என்று எழுதியிருக்கிறது.

1496இல் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்ற அச்சகர், தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஆங்கிலத்தில் முதன்முதலாக ஒரு நூலை அச்சிட்டார். ஜூலியானா பெர்னர்ஸ் என்ற பெண் துறவி எழுதியதாக மரபு சொல்கிறது. பைக் மீனுக்கு அந்த நூல் சொல்லும் இரை என்ன தெரியுமா? செத்த ரோச் அல்லது ஹெரிங் என்ற கடல்மீன், அதுவும் புதியதாக. தூண்டில் நரம்பை மீனின் பல் அறுத்துவிடாமல் இருக்கக் கம்பி கட்டச் சொல்கிறது. இந்த ஹெரிங்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அது 450 ஆண்டு கழித்து மறுபடி வரும்.

1653இல் ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் வெளிவந்தது. பைக் மீனை அவர் நன்னீரின் கொடுங்கோலனாகப் பார்த்தார். வெண்ணெய், சிப்பி, நெத்திலி எல்லாம் வயிற்றில் அடைத்து அதை நெருப்பில் வாட்டும் பக்குவத்தையும் விரிவாக எழுதினார். கொடுங்கோலன், ஆனால் ருசியானவன். இந்த இரண்டு எண்ணமும் அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு இந்த மீனின் தலைவிதியைத் தீர்மானித்தன. பார்த்த இடத்தில் கொல்வதில் யாருக்கும் தயக்கம் இல்லை.

அன்றைய கருவியே கொல்வதற்கென்று அமைந்தது. செத்த மீனின் வயிற்றுக்குள் ஈயம் வார்த்த இரட்டை முள்ளைச் செருகி வீசுவார்கள். பைக் மீன் கவ்வியதும் உடனே இழுக்கக் கூடாது. அது இரையை முழுதாக விழுங்கும்வரை நரம்பைத் தளர விட்டுக் காத்திருக்க வேண்டும். முள் இரைப்பையில் போய் மாட்டும். அப்படி மாட்டிய மீன் பிழைக்க வழியே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று கருவியில். ஆல்ஃபிரட் ஜார்டின் என்ற விக்டோரியா காலத் தூண்டில்காரரின் பெயரால் வழங்கும் முள் அமைப்பு பரவியது. இரைமீனின் உடலுக்கு வெளியே இரண்டு முப்பிரிவு முட்கள் இருக்கும். மீன் கவ்வியதும் உடனே இழுக்கலாம். முள் வாயோரத்திலேயே மாட்டும். ஜார்டின் காலத்தில் பெரிய மீன்கள் பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் போயின. ஆனால் உயிரோடு திருப்பி விடுவதற்கான வாய்ப்பு அந்த முள்ளில் பிறந்துவிட்டது.

இரண்டாவது மாற்றம் சட்டத்தில். சால்மனும் டிரவுட்டும் நிலப்பிரபுக்களின் மீன்கள். அவற்றுக்குச் சட்டக் காவல் இருந்தது. மற்ற நன்னீர் மீன்களான ரோச், பிரீம், பெர்ச், கெண்டை, பைக் எல்லாவற்றையும் சேர்த்து 'கோர்ஸ்' மீன்கள் என்றார்கள். அவை உழைப்பாளிகளின் மீன்கள். ஷெஃபீல்டு நகரத்தின் எஃகுத் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து, விடுமுறை நாளில் ரயிலேறி லிங்கன்ஷயர் ஆறுகளுக்குப் போய்த் தூண்டில் போட்டார்கள். முட்டையிடும் காலத்திலும் மீனைப் பிடித்தால் ஆறு வெறுமையாகிவிடும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டார்கள். அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் ஏ. ஜே. முண்டெல்லா கொண்டுவந்ததுதான் 1878ஆம் ஆண்டு நன்னீர் மீன்வளச் சட்டம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன்களைப் பிடிக்கத் தடை.

இந்த ஒரு விதி ஆங்கிலேயத் தூண்டில் பஞ்சாங்கத்தையே எழுதிவிட்டது. பருவம் ஜூன் 16இல் தொடங்கும், மார்ச் 14இல் முடியும். பைக் மீன் உச்ச எடையை எட்டுவதும் கதவு மூடப்போவதும் ஒரே சமயத்தில் நிகழும். பிப்ரவரிக்கு இத்தனை மதிப்பு வந்தது இதனால்தான். தேங்கிய நீர்நிலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 1995இலும், கால்வாய்களுக்கு 2000இலும் இந்தத் தடை நீங்கியது. ஆறுகளில் இன்றும் அது நடப்பில் இருக்கிறது.

அடுத்து நார்ஃபோக். அங்குள்ள பரந்த ஆழமற்ற ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றே வெகுகாலம் நம்பினார்கள். இடைக்காலத்தில் எரிபொருளுக்காக மக்கள் கரிமண் வெட்டிய பள்ளங்கள் அவை, பிறகு நீர் புகுந்து ஏரியாயின என்று 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளரின் ஆய்வு காட்டியது. அந்தப் பள்ளங்கள்தான் நாட்டின் மிகப் பெரிய பைக் மீன்களை வளர்த்தன. ஹான்காக்கின் 1967 மீன் அங்கே வந்தது. இரண்டே ஆண்டில், 1969இல், நுண்பாசி ஒன்று பெருகி, அதன் நஞ்சால் மேல் தர்ன் பகுதியின் மீன்கள் கொத்துக்கொத்தாகச் செத்தன. அந்த நீர் மீண்டு வர ஒரு தலைமுறை ஆயிற்று. 1985இன் சாதனை மீனை அந்த மீட்சியின் சான்றாகவே நான் பார்க்கிறேன்.

குளிர் எப்போதும் தூண்டில்காரருக்குத் துணை நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 1962 டிசம்பர் கடைசியில் விழத் தொடங்கிய பனி 1963 மார்ச் வரை நாட்டைப் பூட்டிப் போட்டது. இங்கிலாந்தில் 1740க்குப் பிறகு அவ்வளவு குளிர்ந்த குளிர்காலம் இல்லை. ஏரியும் கால்வாயும் இறுகின, கடலோரத்திலேயே பனிக்கட்டி மிதந்தது. அந்தப் பருவத்தின் கடைசி மாதங்கள் பெரும்பாலோருக்குத் தூண்டிலே இல்லாமல் கழிந்தன. ஆழமில்லாத குட்டையில் பனிப்பலகை மூடி, அதன்மேல் வெண்பனியும் படிந்தால் வெளிச்சம் உள்ளே போகாது, பிராணவாயு தீர்ந்து மீன்கள் மூச்சுத் திணறும். தூண்டில்காரர் விரும்பும் குளிர் வேறு. சில நாட்கள் ஏறி இறங்காமல் நிலைத்து நிற்கும் குளிர் அது. பனி உருகிய தண்ணீர் ஆற்றில் கலக்கும் நாளில் வீட்டில் இருப்பதே மேல்.

அந்தக் கடுங்குளிருக்குச் சற்று முன், 1950களில்தான் ஹெரிங் திரும்பி வந்தது. ஃப்ரெட் ஜே. டெய்லர் போன்ற தூண்டில்காரர்கள் செத்த கடல்மீனை நீரின் அடித்தரையில் கிடத்தினாலே பெரிய பைக் மீன் வந்து எடுக்கும் என்று காட்டினார்கள். குளிரில் துரத்திப் பிடிப்பதற்குச் செலவாகும் சக்தியை மிச்சப்படுத்தும் மீன் அது. கிடந்த இரையைப் பொறுக்கித் தின்பது அதற்கு லாபம். 1496இன் நூல் சொன்னது சரிதான்.

இதே காலத்தில் அறிவியலும் ஒன்று கற்றுத் தந்தது. விண்டர்மியர் ஏரியில் 1944 முதல் குளிர்காலம்தோறும் வலை போட்டுப் பெரிய பைக் மீன்களை அகற்றினார்கள், மற்ற மீன்கள் பெருகும் என்று. வினிஃப்ரெட் ஃப்ராஸ்ட், சார்லட் கிப்ளிங் என்ற ஆய்வாளர்கள் பல்லாண்டு கணக்கெடுத்தார்கள். பெரியவை போனதும் சிறிய பைக் மீன்கள் கூடின. ஏனென்றால் குட்டிப் பைக் மீனைத் தின்று கட்டுப்படுத்துவதே பெரிய பைக் மீன்தான். கொடுங்கோலன் என்று சொல்லிக் கொன்ற மீன், தன் இனத்தைத் தானே அளவோடு வைத்திருந்தது.

1977இல் பிரிட்டனின் பைக் தூண்டில்காரர் சங்கம் தொடங்கியது. முள்ளைச் சீக்கிரம் இழு, நீண்ட இடுக்கியால் செவுள் வழியே முள்ளை எடு, மெத்தை விரித்து அதன்மேல் மீனைக் கிடத்து, உடனே நீரில் விடு என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று இங்கிலாந்தின் ஆறுகளில் ஒருவர் ஒரு நாளில் 65 சென்டிமீட்டருக்கு உட்பட்ட ஒரே ஒரு பைக் மீனைத்தான் எடுத்துக்கொள்ளலாம். பெரிய தாய் மீனைக் கொல்லக் கூடாது என்பது இப்போது சட்டம்.

இப்போது குளிர்காலத்துக்கு இன்னொரு அர்த்தமும் சேர்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் பிராணவாயு குறைவு. கோடையில் போராடிக் களைத்த பைக் மீன், திருப்பி விட்டாலும் பல நேரம் பிழைப்பதில்லை. குளிர்ந்த நீரில் அது தேறி நீந்திப் போகும். அதனால் பல சங்கங்கள் அக்டோபருக்கு முன் பைக் மீனுக்குத் தூண்டில் போடுவதில்லை. பெரிய மீன் வேண்டும் என்ற ஆசையால் குளிரில் நின்றவர்கள், அந்த மீன் பிழைக்க வேண்டும் என்பதற்காகவும் இப்போது அதே குளிரில் நிற்கிறார்கள். ஒரு விளையாட்டு இப்படித் தன்னைத் திருத்திக்கொண்டது எனக்கு மிகுந்த மரியாதைக்குரியதாகப் படுகிறது. அதைத் தொடங்கி வைத்தவர்கள், தங்கள் ஆறு தங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று சட்டம் கேட்ட ஷெஃபீல்டுத் தொழிலாளர்கள். இந்த வரலாற்றில் முதல் நன்றி அவர்களுக்கே.