அபயதானமும் சொந்த இல்லமும்

நால்வகைத் தானங்களுள் அபயதானம் அச்சம் அகற்றுவது. "நமக்குப் பின் இப்பிள்ளைக்கு யார்?" என்பதே அறிவுசார் குறைபாடுடையோரின் பெற்றோரை வாட்டும் அச்சம்.

நெடுங்காலம் காப்பகமே அதற்கு விடையாயிற்று. அங்கே உணவு உண்டு. உண்ணும் வேளையைத் தெரிவு செய்யும் உரிமை அரிது. 1991இல் நார்வே இப்பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. அங்கிருந்தோர் பலர் சமையலறையுடன் கூடிய சொந்த இல்லங்களில் குடியேறினர். சமைக்கவும் பணம் கையாளவும் உதவியாளர் துணைநின்றனர்.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சமுதாயத்தில் வாழும் உரிமையை ஏற்கிறது. எனினும், துணையில்லா வீடு தனிமையையே தரும். ஆதலின் பெற்றோர் வாழுங்காலத்திலேயே பிள்ளையின் விருப்பம் அறிந்து, வீட்டையும் துணைவரையும் சிறுகச் சிறுகப் பழக்குதல் வேண்டும். அதற்கு அண்டை வீட்டாரும் தோள்கொடுப்பதே அபயதானம்.

அறம் வளர்க!