மாவட்ட மருத்துவமனையும் மருத்துவ ஆராய்ச்சியும்

(பொருளாதார மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



மருத்துவ ஆராய்ச்சி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது பெருநகரத்து ஆய்வுக்கூடம், வெள்ளை அங்கி அணிந்த அறிஞர், நுண்ணோக்கி. மாவட்டத் தலைமை மருத்துவமனையோ, முப்பது படுக்கைகள் கொண்ட சமுதாய சுகாதார நிலையமோ அக்காட்சியில் இடம்பெறுவதில்லை. ஆயினும், கொள்ளைநோய்க் காலத்தில் எந்த மருந்து உயிர் காக்கும், எது காக்காது என்னும் வினாவிற்கு நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில்தான் விடை கிடைக்கும். அவர்களுள் மிகப் பலர் படுத்திருப்பதோ சாதாரண மருத்துவமனைகளில். இந்த எளிய உண்மையிலிருந்து நிர்வாகத் துறையும் நிதித் துறையும் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதனையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில், பல மருத்துவமனைகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். கொரோனா நோய் கண்டவர்களுள் பெரும்பாலோர் தனி மருந்து எதுவும் இன்றியே குணமடைந்தனர். எனவே, ஒரு மருத்துவர் மருந்து கொடுத்து நோயாளி எழுந்து நடந்தால், அது மருந்தின் பயனா, இயற்கையின் போக்கா என்று அந்த ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையும் மற்றொன்றுக்கு அதனோடு புதிய மருந்தும் அளித்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். மருந்தின் பயன் நூற்றுக்கு மூன்று உயிர் என்ற அளவில் இருந்தால், அதனைக் கண்டறியச் சில ஆயிரம் நோயாளிகள் வேண்டும். எவ்வளவு பெரிய மருத்துவமனையானாலும் தனித்து நின்று இத்தொகையைச் சில வாரங்களில் திரட்ட இயலாது.

இதற்குச் சிறந்த சான்று பிரிட்டனில் நடைபெற்ற ‘ரெகவரி’ ஆய்வாகும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய இவ்வாய்வில் 2020 மார்ச் மாதத்தில் முதல் நோயாளி சேர்க்கப்பட்டார். அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவையைச் சேர்ந்த 176 மருத்துவமனை அமைப்புகள் இதில் பங்கேற்றன. பல்கலைக்கழக மருத்துவமனைகளோடு சிறு நகரங்களின் பொது மருத்துவமனைகளும் இவற்றுள் அடங்கும். டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, விலை மலிந்த மருந்து 2,104 பேருக்கு அளிக்கப்பட்டு, வழக்கமான சிகிச்சை மட்டுமே பெற்ற 4,321 பேருடன் ஒப்பிடப்பட்டது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களிடையே 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களிடையே அது 26.2 விழுக்காட்டிலிருந்து 23.3 ஆயிற்று. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பயன் ஏதும் காணப்படவில்லை. ஜூன் 16ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினொரு நாட்களில், ஜூன் 27 அன்று, நம் மத்திய சுகாதார அமைச்சகமும் இம்மருந்தைத் தன் சிகிச்சை நெறிமுறையில் சேர்த்தது.

இந்த விரைவின் இரகசியம் என்ன? ஆய்வின் படிவங்கள் மிகச் சுருக்கமாக இருந்தன. நோயாளியைச் சேர்க்கும்போது ஒரு படிவம், அவர் வீடு திரும்பும்போதோ, இறக்கும்போதோ, 28ஆம் நாளிலோ மற்றொரு படிவம், ஏறக்குறைய அவ்வளவே. இரவும் பகலும் உழைத்துக் களைத்த மருத்துவரிடம் இதற்கு மேல் எதிர்பார்ப்பது முறையன்று. அத்துடன், 2006இல் நிறுவப்பட்ட தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் வாயிலாக, ஆராய்ச்சிப் பணிக்கென்றே ஊதியம் பெறும் செவிலியர்கள் அந்நாட்டு மருத்துவமனைகளில் முன்னரே இருந்தனர். கொள்ளைநோய் வந்த பின்னர் ஆள் தேட வேண்டிய நிலை அங்கு ஏற்படவில்லை.

இனி நம் நாட்டு நிகழ்ச்சிக்கு வருவோம். குணமடைந்தோரின் இரத்தத்திலிருந்து பிரிக்கும் பிளாஸ்மாவை நோயாளிகளுக்கு ஏற்றினால் பயன் விளையும் என்ற நம்பிக்கை 2020இல் பரவியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதனை ஆய்வுக்கு உட்படுத்தியது. ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, நாடெங்குமுள்ள 39 அரசு மற்றும் தனியார் உயர்நிலை மருத்துவமனைகளில் 464 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 44 பேருக்கு நோய் முற்றியது அல்லது இறப்பு நேர்ந்தது. பெறாத 229 பேரில் 41 பேருக்கு அவ்வாறே நேர்ந்தது. அதாவது 19 விழுக்காடு, 18 விழுக்காடு. பிளாஸ்மாவால் பயன் விளையவில்லை என்பது இதன் பொருள். நோய் உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த நாட்களில், பன்னிரண்டு வாரத்திற்குள் இவ்வளவு பேரைச் சேர்த்த நம் மருத்துவர்களின் ஆற்றல் பாராட்டிற்குரியது.

ஆனால் அதன் பின்னர் நடந்ததையும் கருத வேண்டும். 2021ஆம் ஆண்டின் இரண்டாம் அலையில் பிளாஸ்மா தேடி எத்தனையோ குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. 11,558 நோயாளிகளைக் கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வும் பயனில்லை என்றே காட்டிய பின்னர், 2021 மே 17 அன்று தேசிய வழிகாட்டு நெறிகளிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வுக்கு வெளியே பிளாஸ்மா பெற்றவர்கள் மிகப் பலர். அவர்களுக்கு அளித்த சிகிச்சையின் விளைவு முறையாகப் பதிவாகாமையால், அவர்கள் பட்ட துன்பத்திலிருந்து பிறகு வந்த நோயாளிக்கு எவ்வித அறிவும் கிட்டவில்லை. ஆராய்ச்சி என்பது நோயாளியைச் சோதனைப் பொருளாக்குவது என்று சிலர் அஞ்சுகின்றனர். நிறுவப்படாத மருந்தைப் பதிவின்றிக் கொடுப்பதும் சோதனையே. அதனால் யாரும் எதுவும் கற்பதில்லை என்பதொன்றே வேறுபாடு.

சிறிய மருத்துவமனைகளால் ஆராய்ச்சிக்குத் தொண்டாற்ற முடியுமா என்று ஐயுறுவோர் 1971ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். வங்கதேசப் போரின்போது எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் போங்காவ் மருத்துவமனையில் நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்துவந்த நிலையில், டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். நோயாளியின் உறவினர்களே அதனைப் புகட்டினர். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. அது குலுக்கல் முறை ஆய்வன்று. எனினும் நெருக்கடியின் நடுவே கணக்கு எழுதி வைக்கப்பட்டமையால்தான், ஒரு சிற்றூர் மருத்துவமனையின் அனுபவம் உலகிற்கே வழிகாட்டியது.

பொருளாதாரம் பயில்வோர்க்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். ஆய்வினால் கிட்டும் அறிவு ஒரு பொதுப் பண்டம். அதன் பயன் உலகிலுள்ள எல்லா நோயாளிகளுக்கும் சேர்கிறது. செலவோ, பங்கேற்கும் மருத்துவமனையின் தலையில் விழுகிறது. ஒரு செவிலியரின் நேரம், ஓர் எழுத்தரின் உழைப்பு, உறவினர்களிடம் விளக்கி ஒப்புதல் பெறும் மருத்துவரின் பொறுமை ஆகியவை அனைத்தும் செலவே. பயன் வெளியே செல்ல, செலவு உள்ளே தங்கினால், எந்த மருத்துவமனைக் கண்காணிப்பாளரும் முன்வரத் தயங்குவார். பொது நிதி புகவேண்டிய இடம் இதுவே.

நம் அரசமைப்பில் இதற்கொரு தனிச் சிக்கலும் உண்டு. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலைச் சார்ந்தவை. ஆராய்ச்சி நிதியோ பெரும்பாலும் மத்திய அரசினிடம் உள்ளது. மாவட்ட மருத்துவமனையில் ஆராய்ச்சிச் செவிலியர் பணியிடம் எந்த வரவு செலவுத் திட்டத்திற்குரியது என்னும் வினாவிலேயே அப்பணியிடம் தோன்றாமற் போகிறது. பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கப்பட்ட முன்மாதிரி ஊரக சுகாதார ஆராய்ச்சி அலகுகள் இவ்விடைவெளியை நிரப்பும் நல்ல முயற்சி. அந்த வழியில் நெடுந்தூரம் செல்ல வேண்டியுள்ளது.

விரைவை விரும்பும் நாம் அறநெறியைத் தளர்த்துதல் கூடாது. 2009–10ஆம் ஆண்டுகளில் கம்மம், வதோதரா மாவட்டங்களில் சிறுமியர்க்குத் தடுப்பூசி போட்ட ஒரு திட்டத்தில், பெற்றோர்க்கு மாறாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் படிவங்களில் கையொப்பமிட்டமை கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 2013இல் பாராளுமன்ற நிலைக்குழுவும் அதனைச் சாடியது. ஆராய்ச்சியைச் சிற்றூர்களுக்குக் கொண்டு செல்லுகையில், எழுத்தறியாத நோயாளியும் ‘மாட்டேன்’ என்று சொல்லலாம், அப்படிச் சொன்னாலும் சிகிச்சை குறையாது என்பதை அவர் மொழியில் அவருக்கு உணர்த்த வேண்டும். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் சிகிச்சை ஆய்வு விதிகள் அறநெறிக் குழுக்களையும், தீங்கு நேர்ந்தால் இழப்பீட்டையும் வற்புறுத்துகின்றன. மாவட்டத்திற்கொரு தனிக் குழு அமைக்க இயலாவிடின், அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் குழுவுடன் இணைக்கலாம்.

அப்படியாயின் செய்ய வேண்டுபவை யாவை? மாவட்ட மருத்துவமனைதோறும் பயிற்சி பெற்ற ஒரு செவிலியரும் ஒரு பதிவு எழுத்தரும் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். நோயில்லாக் காலத்தில் அவர்கள் காசநோய், நீரிழிவு, பாம்புக்கடி முதலியவற்றின் ஆய்வுகளில் கைபழகட்டும். கொள்ளைநோய் வருமுன்னரே சுருக்கமான ஆய்வு நெறிமுறைகளும், வட்டார மொழிகளில் ஒப்புதல் படிவங்களும் எழுதி ஆயத்தமாக வைக்கப்பட வேண்டும். சேர்க்கப்படும் நோயாளி ஒருவருக்கு இன்ன தொகை என்று மருத்துவமனைக்கு ஈடு செய்யப்பட வேண்டும். முடிவுகள் நூலகத்து இதழ்களோடு நில்லாமல், பங்கேற்ற மருத்துவமனைக்கும் நோயாளியின் குடும்பத்திற்கும் திரும்பி வந்து சேர வேண்டும்.

உங்களுள் பலர் நாளை மாவட்டங்களின் பொறுப்பை ஏற்பீர்கள். மருத்துவமனையின் தேவைப் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும். படுக்கைகளும் ஆக்ஸிஜன் உருளைகளும் அதில் முதலிடம் பெறும், பெறவும் வேண்டும். அப்பட்டியலின் அடியில் ஒரு பதிவு எழுத்தர் பணியிடமும் கேட்கப்பட்டிருந்தால், சிக்கனத்தின் பெயரால் அதனை முதலில் அடித்துவிடாதீர்கள்.