தோட்டாப் பஞ்சமும் குறி சுடும் பயிற்சியும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இச்சபைக்குப் புதியது. கல்வி நிதி, கலியாணச் செலவு, வட்டி, வியாபாரம் என்பன பற்றியே கேட்டுப் பழகிய செவிகளுக்குத் துப்பாக்கித் தோட்டாவைப் பற்றிய பேச்சு விந்தையாகத் தோன்றலாம். எனினும், நம்மவரின் மக்கள் சிலர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே குடியேறி வாழ்கின்றனர்; அவர்களுள்ளும் சிலர் விடுமுறை நாட்களில் குறி சுடும் கழகங்களுக்குச் சென்று வருகின்றனர். அந்நாட்டில் 2020-ம் வருஷம் தொடங்கித் தோட்டாவுக்கும், தோட்டாவை வீட்டிலேயே நிரப்புதற்கு வேண்டிய சாமான்களுக்கும் பெரும் பஞ்சம் நேர்ந்தது. அஃது எவ்வாறு வந்தது, அதனைச் சமாளிக்கும் முறை யாது என்பதே நமது பொருள். அட்டையிலும் தகட்டிலும் குறி வைத்துச் சுடும் பொழுதுபோக்கைப் பற்றியே பேசுகின்றோம். ஆயுதங்கள் பெருகவேண்டும் என்னும் கட்சியில் நாம் இல்லை. சரக்கு, கிராக்கி, பதுக்கல் என்னும் மூன்றும் இதில் வருதலால், வாணிபத்திற் பழகிய நம் குலத்தாருக்கு இது முற்றும் அயலான சங்கதி அன்று.

தோட்டா என்பது நான்கு உறுப்புக்கள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியிற் பதித்த பிரைமர், உள்ளே மருந்து, வாயிலே குண்டு. பிரைமரை நம் நாட்டுத் துப்பாக்கிக்காரர் கேப்பு என்பர். நாமும் அப்படியே சொல்வோம். விசையை இழுத்தால் ஊசி கேப்பை அடிக்கின்றது. கேப்பு பொறி கக்கி மருந்தைக் கொளுத்துகின்றது. மருந்தின் ஆவி குண்டை உந்துகின்றது. சுட்ட பின் கூடு மாத்திரம் எஞ்சும். அந்தக் கூட்டைத் துலக்கி, அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொணர்ந்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் இட்டால் மறுபடி தோட்டா ஆயிற்று. ஒரு பித்தளைக் கூட்டைப் பலமுறை இவ்வாறு பயன்படுத்தலாம். அழுத்தம் குறைந்த கைத்துப்பாக்கித் தோட்டாவாயின் பத்து முறைக்கு மேலும் தாங்கும். அமெரிக்காவில் இதனைச் செய்யும் குடும்பஸ்தர் மிகப் பலர். சிக்கனம் ஒரு காரணம். தன் துப்பாக்கிக்கு ஏற்ப நுட்பமாக நிரப்பிக்கொள்ளலாம் என்பது மற்றொரு காரணம். .22 என்னும் சிறு தோட்டாவுக்கு மட்டும் இது செல்லாது. அதற்குத் தனிக் கேப்பு இல்லை. தீப்பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஆதலால் அதனைச் சுட்டவுடன் எறிய வேண்டியதே.

நம் நாட்டில் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் கூடாது. வைத்துக்கொள்ளத் தக்க தோட்டாவின் தொகையும் உரிமத்திலே குறிக்கப்படும். ஆகவே இங்கிருக்கும் இளைஞர் எவரும் நம் பேச்சைக் கேட்டு வீட்டில் மருந்தும் கேப்புமாக உட்காரவேண்டா.

இனிப் பஞ்சத்தின் வரலாற்றுக்கு வருவோம். 2020-க்கு முன்னும் ஒரு பஞ்சம் உண்டு. 2012-ம் வருஷம் டிசம்பர் மாதம் நியூடவுன் என்னும் ஊரிலே ஒரு பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கடுஞ்சட்டம் வருமோ என்ற எண்ணத்தால் ஜனங்கள் தோட்டாவை வாரி வாங்கினர். 500 தோட்டா கொண்ட .22 பெட்டி, முன்பு ஏறக்குறைய 20 டாலருக்குக் கிடைத்தது, 50 டாலருக்கு மேலும் கைமாறிற்று. எதிர்பார்த்த சட்டம் காங்கிரஸ் சபையில் நிறைவேறவில்லை. தட்டுப்பாடு மாத்திரம் சில வருஷங்கள் நீடித்தது. அரசாங்கமே தோட்டாவையெல்லாம் வாங்கிக் குவிக்கின்றது என்று அப்போது ஒரு வதந்தி கிளம்பிற்று. காங்கிரஸ் சபையைச் சார்ந்த கணக்காய்வு அலுவலகத்தார் உள்நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் கொள்முதலை ஆராய்ந்து 2014-ம் வருஷம் அறிக்கை வெளியிட்டனர். அவ்விலாகா வாங்கிய தோட்டா 2009-க்குப் பின் குறைந்தே வந்திருக்கின்றது என்பது அதிற் கண்ட செய்தி. வதந்தியை நம்பிக் கடைக்கு ஓடியவர் அவ்வறிக்கையைப் படித்திருக்கமாட்டார். படித்திருப்பினும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்திருக்கமாட்டார்.

2020-ல் நேர்ந்தது அதனினும் பெரிது. கொள்ளைநோய், நகரங்களிற் கலகம், தேர்தல் ஆகிய மூன்றும் ஒரே வருஷத்தில் வந்தன. துப்பாக்கி வாங்குவோரைப் பற்றி அந்நாட்டு மத்தியப் போலீஸார் நடத்தும் விசாரணைகளின் தொகை 2019-ல் சுமார் 2 கோடியே 84 லட்சம். 2020-ல் சுமார் 3 கோடியே 97 லட்சம். ஒவ்வொரு விசாரணையும் ஒரு விற்பனை அன்றெனினும், கிராக்கியின் ஏற்றத்தை இதனாலே உணரலாம். புதிதாகத் துப்பாக்கி வாங்கியவர் லட்சக்கணக்கானவர். அவர் ஒவ்வொருவருக்கும் இரண்டொரு பெட்டித் தோட்டாவேனும் வேண்டும். அதே வருஷம் ஜூலை மாதத்தில் ரெமிங்டன் என்னும் பழைய கம்பெனி கடன் தீர்க்க இயலாது நீதிமன்றத்தைச் சரணடைந்தது. ஆர்க்கன்ஸா மாகாணத்து லோனோக் என்னும் ஊரிலிருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலை கைமாறவேண்டியதாயிற்று.

இப்பஞ்சத்தில் மிகவும் வாடியவர் வீட்டில் தோட்டா நிரப்புவோரே. கூடு கையில் இருந்தது. குண்டைத் தாமே ஈயத்தை உருக்கி வார்த்துக்கொண்டனர். மருந்து ஓரளவு கிடைத்தது. கேப்பு மாத்திரம் அகப்படவில்லை. மிகச் சிறிய அந்தப் பொருளை வீட்டிற் செய்தல் இயலாது. செய்யப் புகுவது அபாயம். அமெரிக்காவில் அதனை அப்போது பேரளவிற் செய்தவை சி.சி.ஐ., ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் என நான்கே. இவை தோட்டாவும் செய்பவை. கேப்பைத் தம் தோட்டாவில் வைத்து விற்றால் வரும் லாபம் அதனைத் தனியே விற்றால் வராது. ஆதலின் தம் தேவை போக எஞ்சியதே கடைக்கு வரும். எஞ்சாத வருஷத்தில் ஒன்றும் வாராது. ஆயிரம் கேப்பின் விலை 2020-க்கு முன் சுமார் 30 டாலர். 2021-ல் கைமாற்றுச் சந்தையில் 100 டாலருக்கும் மேற்சென்றது. 2024-லும் பழைய விலைக்கு இறங்கவில்லை.

பின்னர் மருந்துக்கும் முடை வந்தது. புகையில்லா மருந்துக்கு மூலம் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருள். பருத்தியைக் கடைந்த பின்னும் கொட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் குறும்பஞ்சை அமிலங்களிற் பதஞ்செய்து அதனை ஆக்குகின்றனர். (பஞ்சுக் கிடங்கும் எண்ணெய்ச் செக்கும் வைத்திருப்போர் அக்குறும்பஞ்சை நன்கு அறிவர். நீலகிரியில் அரவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட கார்டைட் தொழிற்சாலையின் சரக்குக்கும் இதுவே மூலம்.) 2022-ம் வருஷம் உக்ரேன் யுத்தம் மூண்ட பின் ராணுவங்கள் இப்பொருளை மிகுதியும் வேண்டின. 2024-ல் அல்லயன்ட் என்னும் பெயர்பெற்ற மருந்துக் கம்பெனி, தோட்டா நிரப்புவோர்க்கு மருந்து அனுப்புதலைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதாகத் தெரிவித்தது.

இந்நிலையில் பொழுதுபோக்காகச் சுடுபவன் செய்யத்தக்கது யாது? நம் பெரியோர் கடையிற் செய்ததையே செய்யவேண்டும்: முதலிற் பேரேட்டைத் திறக்கவேண்டும். மாதம் இருமுறை கழகத்துக்குச் சென்று, முறைக்கு 100 தோட்டா சுடுபவனுக்கு வருஷத்துக்கு 2,400 தோட்டா வேண்டும். இக்கணக்கைப் போட்டவர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இரார் என்பது நம் எண்ணம். கணக்கு இல்லாதவன் கடையிற் சரக்கைக் கண்டபோதெல்லாம் நடுங்கி வாங்குவான்; காணாதபோது என்ன விலையும் கொடுப்பான். தன் தேவை 2,400 என்று தெரிந்தவனோ, ஒன்றரை வருஷத்துக்கு வேண்டியதைச் சரக்கு மலிந்த காலத்திற் சிறிது சிறிதாகச் சேர்த்து, அதற்கு மேல் கை நீட்டான்.

மருந்துக் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின். கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்கு 5 கிரெயின் செல்லுமாயின் ஒரு பவுண்டில் 1,400 தோட்டா நிரப்பலாம். பெரிய ரைபிள் தோட்டாவுக்கு 50 கிரெயின் செல்லுமாயின் 140-தான். பஞ்ச காலத்திற் பெரிய ரைபிளைப் பெட்டியில் வைத்துவிட்டுச் சிறியதை எடுத்தவர்கள் இக்கணக்கு அறிந்தவர்களே.

பதுக்குவோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைக்குச் சரக்கு வரும் நாளை அறிந்து, விடியுமுன் வாசலில் நின்று, ஆளுக்கு இவ்வளவு என்ற வரம்பு முழுதும் வாங்கி, அன்று மாலையே மும்மடங்கு விலைக்கு விற்றவர் பலர். இதுவும் வியாபாரந்தானே என்று நம்மில் ஒருவர் கேட்கலாம். மலிந்த ஊரிலிருந்து அரிதான ஊருக்குக் கொண்டு போகிறவனுக்கு வழிச்செலவும் நஷ்ட பயமும் உண்டு. அவன் பெறும் லாபம் கூலியாகும். பக்கத்துத் தெருக் கடையின் அலமாரியைக் காலி செய்து அதே தெருவில் விற்கிறவன் எந்த வேலைக்குக் கூலி பெறுகின்றான்? இதனை நாம் வியாபாரம் என்று ஒப்புவதற்கில்லை. வீட்டிற் குவித்தலுக்கு வேறோர் எல்லையும் உண்டு. அந்நாட்டுத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிப்படி, குடியிருக்கும் வீட்டில் புகையில்லா மருந்து அதன் சொந்த டப்பாக்களில் 20 பவுண்டும், கேப்பு 10,000-மும் வரை வைக்கலாம். மேற்பட்டால் குழந்தை குட்டிகள் இருக்கும் வீடு மருந்துக் கிடங்கு ஆகிவிடும்.

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் எழுதவேண்டும். பஞ்ச காலத்தில் விளையும் பெருங்கேடு ‘இது இல்லையேல் அது’ என்னும் துணிச்சல். அரிசி இல்லையேல் கேழ்வரகு என்று அடுப்படியிற் சொல்லலாம்; தோட்டா நிரப்பும் மேசையிற் சொல்லலாகாது. மருந்துகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எரியும் வேகம் வேறு. மெல்ல எரியும் ரைபிள் மருந்து இருக்கவேண்டிய இடத்தில் விரைந்து எரியும் கைத்துப்பாக்கி மருந்தை அதே நிறையில் இட்டால், துப்பாக்கி வெடித்துக் கையும் கண்ணும் போம். பெயரையும் நம்புவதற்கில்லை. ஹெச் 4831 என்று ஒரு மருந்து உண்டு, ஐ.எம்.ஆர். 4831 என்று மற்றொன்று உண்டு. எண் ஒன்றே, மருந்து வெவ்வேறு, ஒன்றன் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. கிடைத்த டப்பாவை வாங்கி வந்து, பழைய அளவையே இடுவோம் என்று உட்காருகிறவன் இவ்விடத்தில்தான் தவறுவான்.

கேப்பிலும் இவ்வாறே. சிறிய ரைபிள் கேப்பும் சிறிய கைத்துப்பாக்கிக் கேப்பும் குறுக்களவில் ஒன்று. ரைபிள் கேப்பின் தகடு தடித்தது. மெல்லிய தகட்டுக் கேப்பை அழுத்தம் மிக்க ரைபிளில் இட்டால் ஊசி துளைத்து, ஆவி பின்புறம் பாயும். பெரிய கேப்புக்களிலோ உயரமே வேறு. மாற்றித்தான் ஆகவேண்டும் என்னும் நிலை வந்தால், அந்த மருந்துக்கும் அந்தக் கேப்புக்கும் உரியதென்று அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து, அதிற் கண்ட மிகக் குறைந்த அளவிலிருந்து மறுபடியும் தொடங்கவேண்டும். அட்டவணையில் இல்லாத சேர்க்கையை நண்பர் சொன்னார் என்று செய்தல் அறவே ஆகாது. அந்த வாரம் சுடாமல் இருந்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

உண்மையில் ஒன்றும் குறையாது. குறி சுடும் திறமையிற் பெரும்பகுதி தோட்டா இன்றியே வளர்வது. வெற்றுத் துப்பாக்கியைப் பன்முறை சோதித்து, தோட்டா ஒன்றும் இல்லாத அறையிலே, சுவரிற் குறி வைத்து, முனை அசையாமல் விசையை இழுத்துப் பழகுதலை ஒலிம்பிக் வீரரும் நாள்தோறும் செய்கின்றனர். ஆனால் .22 துப்பாக்கிகள் பலவற்றில் ஊசி அறையின் விளிம்பில் இடித்துக் கெடுமாகையால், அவற்றுக்குப் போலித் தோட்டா இட்டே பழகவேண்டும். காற்றுத் துப்பாக்கி மற்றொரு வழி. அதற்கு மருந்தும் வேண்டா, கேப்பும் வேண்டா, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றே போதும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர்ப் போட்டி இதனைக் கொண்டே நடைபெறுகின்றது. தோட்டாவை வாரி இறைத்துக்கொண்டிருந்தவர் சிலர் பஞ்சத்தால் எண்ணிச் சுடக் கற்று, முன்னினும் நன்றாகச் சுடுகின்றனர் என்று கேட்கும்போது நமக்கு வியப்பு உண்டாகவில்லை.

கழகங்கள் செய்யத்தக்கதும் உண்டு. மருந்தையும் கேப்பையும் பார்சலில் வருவித்தால், அபாயச் சரக்கு என்று சரக்கு விலைக்கு மேல் ஒரு தனிக் கட்டணம் உண்டு. பெட்டி சிறிதாயினும் பெரிதாயினும் கட்டணம் ஒன்றே. பத்துப் பேர் கூடி ஒரு பெட்டியாக வருவித்தால் பத்தில் ஒரு பங்காகும். சீட்டுக் கட்டியும் கூட்டாகக் கொள்முதல் செய்தும் பழகிய நம்மவர்க்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. பழைய அங்கத்தினர் தம் இருப்பில் ஒரு பங்கைப் புதிதாகப் பழக வந்த சிறுவர் சிறுமியர்க்கு வாங்கிய விலைக்கே கொடுத்தலும் முறை. பழகத் தொடங்கிய பிள்ளை ஆறு மாதம் தோட்டா இன்றி நின்றால் திரும்பி வாராது. அப்பிள்ளைகள் இல்லாத கழகம் இருபது வருஷத்தில் மூடப்படும்.

கடைசியாக ஒரு வீட்டுச் செய்தி. மருந்து டப்பாவை வாங்கிய தேதியிட்டு, சொந்த டப்பாவிலேயே, பூட்டிய மர அலமாரியில் வைத்து, இருப்பை ஒரு சிட்டையில் எழுதிவைத்து, அச்சிட்டை இருக்குமிடத்தை மனைவிக்குச் சொல்லிவைக்க வேண்டும். சேர்த்தவர் காலமான பின், விதவையும் மக்களும் நிலவறைக்குச் சென்று, பெயரில்லாத புட்டிகளில் மருந்தைக் கண்டு திகைப்பது அந்நாட்டில் நடப்பதே. கேடுற்ற மருந்து புளித்த காரநெடி வீசும். செந்நிறப் புகையும் தோன்றும். பெயர் தெரியாத மருந்து நல்ல நிலையிலிருந்தாலும் அதனை எவருக்கும் கொடுத்தலாகாது, விற்றலுமாகாது. தொடாமல் விட்டு, அவ்வூர்த் தீயணைப்பு நிலையத்தாருக்குச் சொல்லியனுப்பி அவர்கள் கையில் ஒப்புவிக்கவேண்டும்.