மூச்சைக் கவனிப்போம், மனத்தைப் பழக்குவோம்

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் குழுவின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் மூட்டு வலியைப் பற்றி டாக்டர் அம்மா பேசினார்கள். அதற்கு முந்தின மாதம் உயில் எழுதுவது பற்றி வக்கீல் சார் பேசினார். இந்த மாதம் செயலாளர் என்னைப் பிடித்துவிட்டார். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, சாமியாரும் இல்லை. வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மூன்று வருஷமாகத் தினமும் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து உட்கார்ந்து வருகிறேன். அதைப் பற்றிப் படித்ததையும், அதில் நான் பட்டதையும் சொல்கிறேன். அவ்வளவுதான்.

புத்தர் சொன்ன இந்தப் பயிற்சிக்குப் பாலி மொழியில் 'ஆனாபான சதி' என்று பெயர். 'சதி' என்றதும் பயந்துவிடாதீர்கள். இது வடமொழியில் 'ஸ்மிருதி' என்கிறோமே, அந்தச் சொல். மறக்காமல் இருப்பது, விழிப்போடு இருப்பது என்று பொருள். ஆனாபானம் என்றால் உள்ளே வரும் மூச்சும் வெளியே போகும் மூச்சும். ஆக, மூச்சு வருவதையும் போவதையும் மறக்காமல் கவனித்திருப்பது. பெயரிலேயே முழு விஷயமும் இருக்கிறது.

"இது பிராணாயாமம்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. பிராணாயாமத்தில் மூச்சை இழுக்கிறோம், நிறுத்துகிறோம், கணக்கு வைத்து விடுகிறோம். இதில் மூச்சை ஒன்றும் செய்வதில்லை. நீளமாக வந்தால் நீளம் என்று தெரிந்துகொள்ள வேண்டும், குட்டையாக வந்தால் குட்டை என்று தெரிந்துகொள்ள வேண்டும். குட்டையை நீளமாக்க வேண்டியதில்லை. கேட்க எளிதாக இருக்கும். இந்தத் 'தெரிந்துகொள்வது' எனக்கு ஒரு வருஷம் பிடிபடவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

புத்தர் இதை எப்போது சொன்னார்? பழைய நூல்களில் இரண்டு சந்தர்ப்பங்கள் முக்கியமானவை. ஒன்று வைசாலியில். உடம்பு அசுத்தமானது, நிலையற்றது என்று சிந்திக்கும் தியானத்தைச் சில பிக்குகள் அளவு மீறிச் செய்து, உடம்பையே வெறுத்து விபரீதமான முடிவுக்குப் போய்விட்டார்கள். அது தெரிந்ததும் புத்தர் மற்றவர்களைக் கூட்டி மூச்சைக் கவனிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். கோடையின் கடைசியில் ஊரெல்லாம் பறக்கும் புழுதியைப் பருவம் தப்பி வந்த ஒரு மழை அடக்கிவிடுவது போல, இது மனத்தின் தீய எண்ணங்களை அடக்கும் என்றார். இந்தப் பயிற்சி தன்னை வருத்திக்கொள்வதற்கு இல்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

இன்னொன்று சாவத்தியில், விசாகை என்ற பெண்மணி கட்டிக்கொடுத்த மாளிகையில், ஒரு பௌர்ணமி இரவில். மஜ்ஜிம நிகாயத்தில் இது 118-வது சூத்திரமாக இருக்கிறது. அதில் பயிற்சியை 16 படிகளாகச் சொல்கிறார்; நான்கு நான்காக நான்கு பகுதிகள். முதல் நான்கு உடம்பைப் பற்றியவை, அடுத்த நான்கு இன்ப துன்ப உணர்ச்சியைப் பற்றியவை, மூன்றாவது மனத்தைப் பற்றியவை, கடைசி நான்கு எல்லாம் மாறிப் போவதைப் பார்த்துப் பிடியை விடுவது பற்றியவை. நான் இன்னும் முதல் நான்கில்தான் இருக்கிறேன். அதிலும் முதல் இரண்டில்.

சரி, எப்படிச் செய்வது? இதற்குச் சுமார் 1,500 வருஷத்துக்கு முன்னால் புத்தகோசர் எழுதிய 'விசுத்தி மக்கம்' என்ற நூல் எனக்கு உதவியது. இவர் இலங்கையில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து எழுதியவர். அதற்கு முன் நம் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததாகத் தன் உரை நூல் ஒன்றில் அவரே குறிப்பிடுகிறார். ஆரம்பத்தில் மூச்சை எண்ணச் சொல்கிறார். ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் போகக் கூடாது. குறைந்தால், சின்னத் தொழுவத்தில் அடைத்த மாடுகள் போல மனம் நெருக்கியடிக்கும். கூடினால், மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

எப்படி எண்ணுவது என்பதற்கும் உதாரணம் தருகிறார். நெல் அளப்பவர் போல நிதானமாக எண்ண வேண்டுமாம். எங்கள் ஊர்க் களத்தில் மரக்காலால் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த மரக்கால் நிரம்பும் வரை அதே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், மறந்துவிடக் கூடாது என்று. அந்த நிதானம்தான்.

எனக்கு இதைப் படித்ததும் கேஷ் கவுண்டர் ஞாபகம் வந்தது. எண்ணும் மெஷின் வராத காலம். ஸ்பாஞ்சில் விரலை நனைத்து நூறு நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டிருப்பேன். அறுபத்தேழில் இருக்கும்போது ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், பென்ஷன் வந்துடுச்சா?" என்பார். எண்ணிக்கை போச்சு. என்ன செய்வோம்? கட்டைத் தூக்கி எறிவதில்லை. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று அழுவதும் இல்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். தியானமும் அதேதான். நாலாவது மூச்சில் மனம் தண்ணீர் லாரிக்குப் போய்விடும், மகன் போன் பண்ணாததற்குப் போய்விடும். போனது தெரிந்ததும் திரும்பி வந்து ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பலர், "என் மனசு நிற்கவே மாட்டேங்குது, எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். மனம் ஓடுவது தோல்வி இல்லை. திரும்பி வருவதுதான் பயிற்சி. இருபது தடவை ஓடினால் இருபது தடவை பயிற்சி கிடைத்தது என்று அர்த்தம்.

அதே நூலில் ஒரு கன்றுக்குட்டி வருகிறது. அடங்காத கன்றை ஒரு கட்டுத்தறியில் கட்டினால் இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்க்கும். கயிறு விடாது. கடைசியில் அந்தத் தறியடியிலேயே படுத்துக்கொள்ளும். கன்று மனம், தறி மூச்சு, கயிறுதான் 'சதி'. கன்றை அடிக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது நான் பட்ட கதை. இதை நம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டி பெரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

பயிற்சி ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குள் ஒரு பெருமை. ஒரு நாள் சாயங்காலம் செல்போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்தேன். மனைவிக்கு இன்சுலின் பார்சல் வர வேண்டும், வரவில்லை. கீழே போய்க் கேட்டால், டெலிவரிப் பையன் வந்தான், திருப்பி அனுப்பிவிட்டேன் என்கிறார் பெரியவர். எனக்கு வந்ததே கோபம்! நாலு பேர் நிற்கிறார்கள், அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மகளும் பக்கத்தில் நிற்கிறாள். வயதுக்கு மரியாதை இல்லாமல் கத்திவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மகள் டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

மேலே வந்து செல்போனை எடுத்தேன். கேட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால். போனில் உறுதி செய்யாமல் பார்சல் வாங்கக் கூடாது என்பது நாம் போட்ட விதி. அந்தக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவர் விதிப்படி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். நான் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன்!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் போய், அந்தப் பெண்ணும் இருக்கும்போதே, "ஐயா, தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கோங்க" என்றேன். "விடுங்க சார், மருந்தாச்சே, பதட்டம் இருக்கும்ல" என்றார். அவர் பெருந்தன்மை அது. ஆனால் என் கேள்வி தீரவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்ததற்கு என்ன பலன்?

மறுபடி அந்த முதல் படியைப் படித்தேன். நீள மூச்சை நீளம் என்றும், குட்டை மூச்சைக் குட்டை என்றும் தெரிந்துகொள்வது. நான் என்ன செய்திருந்தேன்? அமைதியான அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நீள மூச்சை மட்டும் ரசித்திருந்தேன். கேட்டில் நின்றபோது என் மூச்சு குட்டையாக, வேகமாக அடித்திருக்கும். அதை நான் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய இடம் அதுதானே?

விசுத்தி மக்கத்தில் ஒரு வாயில்காவலர் உதாரணமும் இருக்கிறது. ஊருக்குள் இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் அவர் தேடிக்கொண்டு போவதில்லை. வாசலுக்கு வருகிறவரை மட்டும் விசாரிக்கிறார். அதுபோல, மூக்கு நுனியில் அல்லது மேலுதட்டில் மூச்சு தொடும் இடத்தில் கவனத்தை வைத்தால் போதும்; உள்ளே போன மூச்சின் பின்னாலும் வெளியே போன மூச்சின் பின்னாலும் ஓட வேண்டாம் என்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் பெரியவர் முகம்தான் வருகிறது. அவர் தன் வாசலைச் சரியாகத்தான் காத்தார். நான்தான் என் வாசலைக் காக்கவில்லை.

அதன் பிறகு பகலில் அங்கங்கே மூச்சைப் பார்க்க ஆரம்பித்தேன். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது, பால் பாக்கெட் வாங்கும்போது, நம் வாட்ஸப் குரூப்பைத் திறப்பதற்கு முன்னால். சிரிக்கிறீர்கள், ஆனால் இந்தக் கடைசி இடத்தில்தான் பலன் அதிகம்!

போன வருஷப் பொதுக்குழு பலருக்கு ஞாபகம் இருக்கும். சங்கக் கணக்கை நான் எழுதிவருகிறேன். "ஜெனரேட்டர் டீசல் கணக்கு இடிக்கிறதே" என்று நண்பர் ஒருவர் எழுந்து கேட்டார். இப்போதும் இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வங்கியில் இருந்தவனுக்குக் கணக்கில் சந்தேகம் என்றால் கன்னத்தில் அறைந்த மாதிரி. கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் மூச்சு நெஞ்சுக்கு மேலேயே குட்டை குட்டையாக ஓடியது தெரிந்தது. 'ஓ, குட்டை' என்று ஒரு மூச்சு, 'இன்னும் குட்டை' என்று இன்னொரு மூச்சு. அவ்வளவுதான் நேரம். பிறகு, "ஃபைலை எடுத்துப் பார்த்துவிடலாம் சார்" என்றேன். பார்த்தால், ஒரு பில்லை நான் இரண்டு தடவை பதிந்திருக்கிறேன். தப்பு என்னுடையது. அன்று கத்தியிருந்தால் ஃபைலைத் திறந்திருக்கவே மாட்டேன். அவரும் நானும் இன்றைக்கு லிஃப்ட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருப்போம்.

மனத்தைப் பழக்குவது என்று நான் புரிந்துகொண்டது இதைத்தான். கோபமே வராத ஆளாக ஆவது இல்லை, வந்தது தெரிவது. தெரிந்தால் ஒரு நொடி கிடைக்கிறது. அந்த ஒரு நொடி பெரிய சொத்து.

"இதெல்லாம் துறவிகளுக்கு, நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களுக்கு எங்கே?" என்று கேட்கலாம். பர்மாவில் ஊ பா கின் என்று ஒருவர். 1899-ல் பிறந்தவர். கணக்குத் துறையில் சாதாரண கிளார்க்காகச் சேர்ந்து, 1948-ல் நாடு விடுதலை அடைந்தபோது தலைமைக் கணக்காயர் ஆனவர். ஆனாபானத்தை அவர் 1937-ல் கற்றுக்கொண்டார். அவருடைய குரு சயா தெட்ஜியும் துறவி இல்லை, ஒரு விவசாயி. பிற்பாடு ஊ பா கின் தன் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையமும் தொடங்கினார். அவரிடம் ஒற்றைத் தலைவலிக்காக வந்தவர்தான் வியாபாரி கோயங்கா. தலைவலிக்கு மட்டும் என்றால் வேண்டாம், மனத்தைச் சுத்தம் செய்வதற்கு என்றால் வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கோயங்கா 1969-ல் இந்தியா வந்து, பத்து நாள் முகாம்கள் மூலம் இதை இங்கே மறுபடி பரப்பினார். அந்த முகாம்களில் முதல் பயிற்சி ஆனாபானம்தான்.

தலைவலிக் கதையிலிருந்து ஒரு எச்சரிக்கை. இது மாத்திரைக்குப் பதில் இல்லை. பிரஷர், சுகர் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத் திணறல் இருப்பவர்களும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். உட்காரும்போது பயமோ படபடப்போ கூடினால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள்.

செய்முறை சுலபம். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். முதலில் பத்து நிமிஷம் போதும். சாப்பிட்டவுடன் வேண்டாம், தூக்கம் வரும். மூச்சை இழுக்க வேண்டாம், அடக்க வேண்டாம். மூக்கு நுனியில் தொடுவதைக் கவனித்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுங்கள். விட்டுப்போனால் மறுபடி ஒன்று. நீங்கள் கும்பிடுகிற சாமியை மாற்ற வேண்டியதில்லை. மூச்சு எல்லா வீட்டிலும் ஒன்றுதான். ஒன்று மட்டும்: செல்போனைச் சைலன்ட்டில் போடுவதற்கு முன், பார்சல் ஏதாவது வர வேண்டுமா என்று வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். எல்லோரும் பத்து மூச்சு எண்ணிவிட்டு டீ சாப்பிடப் போகலாம். இதை நம் இதழில் படிப்பவர்களும் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே பத்து மூச்சு எண்ணிப் பாருங்கள்.