குடும்ப அட்டையில் இல்லாத பெயர்
(பெங்களூர்ச் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கள்ளத்தோணி" என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். கண்டிச் சீமைக்கு நம் பாட்டன்மார் திருட்டுத்தனமாகவா போனார்கள்? தேயிலை வளர்க்க வெள்ளைக்காரன் கங்காணியை அனுப்பியல்லவா அழைத்துப் போனான்! இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. தகப்பன் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் காட்டு என்றார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பத்திரம்? துரைக்கு வேண்டியது செக்ரோலில் பேர், அவ்வளவுதான்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரையாவது கேட்டார்களா? சந்தையில் ஆடு பிரிக்கிறவன்கூடத் தாயையும் குட்டியையும் பார்த்துப் பிரிப்பான்.

நம் சங்கத்தில் ஒரு அம்மா. 1972-ல் அவருக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. கல்யாணமான அக்காளின் மனு வேறு. தலைமன்னார் போகும் கோச்சியின் (தோட்டத்தில் ரயிலுக்கு அதுதான் பேர்) ஜன்னலைப் பிடித்துக்கொண்டே அக்காள் ஓடிவந்தாராம். "ஆறு மாசத்தில வாறேன்" என்றாராம். வரவில்லை. 1984-ல் கப்பலும் நின்றது. இந்த அம்மா புத்தூர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்து, பிறகு பெங்களூர் வந்தார். 1977 கலவரத்தில் அக்காள் குடும்பம் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியது. 1990-ல் அக்காள் மகன் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கினான். இன்றும் முகாமில்தான் இருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். சித்தி இந்தியப் பிரஜை. அக்காள் மகன் சட்டவிரோதக் குடியேறி! முகாமிலேயே 2006-ல் பிறந்த அவன் மகளுக்கும் 2003-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி குடியுரிமை கிடையாது. 2019-ல் வந்த திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்குத் தண்டனை இல்லை என்று 2025-ல் உத்தரவு வந்தது. நல்லதுதான். தண்டனை இல்லையென்றால் உரிமை வந்துவிட்டதா?

நம்மையும் கொஞ்சம் ஏசிக்கொள்ள வேண்டும். அங்கே கள்ளத்தோணி என்றார்கள்; இங்கே வந்ததும் "சிலோன்காரன்" என்று ஒதுக்கியவர்கள் நாம்தான். நாமும் பிழைக்க வந்த ஊரில் ஏச்சு வாங்குகிறவர்களே. ஆனால் பெற்றவளைப் பார்க்க நமக்கு ஒரு ரயில் டிக்கெட் போதும்.

அந்த அம்மாவின் பெட்டியில் தகப்பனாரின் குடும்ப அட்டையைப் பார்த்தோம். அதில் அக்காள் பெயர் இல்லை. ஆனால் பாட்டனாரின் சொந்த ஊர் இருக்கிறது. முகாமில் இருப்பவன் இந்திய வம்சாவளி என்று சொல்லும் காகிதம் அதுதான். உங்கள் வீட்டிலும் குடும்ப அட்டை, பழைய பாஸ்போர்ட், தோட்டத்துத் துண்டு எது கிடந்தாலும் கரையான் அரிக்குமுன் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தந்துவிடுவோம்.