சர்க்கரை நோய்: சுமை யார் தலையில்?



நாட்டில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த ஆய்வுகளை வைத்தே நெடுங்காலம் விடை சொல்லிவந்தோம். அந்தக் குறையைத் தீர்த்தது, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த 'இண்டியாப்' ஆய்வு. 2008 முதல் 2020 வரை, மாநிலம் மாநிலமாக, 1,13,043 பேரைப் பரிசோதித்தார்கள். 2023இல் வெளிவந்த முடிவு நமக்கெல்லாம் தெரியும்: 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் முன்நீரிழிவு நிலையில்.

நீரிழிவு கோவாவில் நூற்றுக்கு 26.4 பேருக்கு, உத்தரப் பிரதேசத்தில் 4.8 பேருக்கு. உத்தரப் பிரதேசத்தில் நிலைமை தேவலை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே நீரிழிவுள்ள ஒருவருக்கு ஏறத்தாழ நான்கு பேர் முன்நீரிழிவோடு இருக்கிறார்கள். இன்று தடுக்காவிட்டால் அடுத்த பத்தாண்டில் அந்த நான்கு பேரில் பலர் நம் புறநோயாளிகள்.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. நீரிழிவைப் பணக்கார வியாதி என்றே சொல்லிவந்தோம். 15 மாநிலங்களின் தரவுகளோடு 2017இல் வந்த இதே ஆய்வின் கட்டுரை, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் நகரப்பகுதிகளில் வசதியுள்ளவர்களைவிட ஏழைகளிடமே நீரிழிவு கூடுதல் என்று காட்டியது. சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப்பாருங்கள். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். ஆனால் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம், பிறகு மருத்துவரைப் பார்க்க வரிசை. அன்றைய கூலி போயிற்று. அடுத்த மாதம் வரமாட்டார். உணர்ச்சி மங்கிய காலில் ஆணி குத்தியதுகூடத் தெரியாமல், புண் சீழ் வைத்த பிறகுதான் வருவார். உணர்ச்சி இருக்கிறதா என்று பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை வைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும், மின்சாரம்கூட வேண்டாம். அதை ஒவ்வொரு நோயாளிக்கும் செய்கிறோமா?

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீடு தேடிச் செல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சரியான திசையில் வைத்த அடி. பகலில் கூலி வேலைக்குப் போனவரை வீட்டில் பார்க்க முடியாதே என்பதற்கும் வழி தேட வேண்டும்.

இண்டியாப் ஆய்வில், தமக்கு நீரிழிவு இருப்பதை அறிந்தவர்களில்கூடச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.7 விழுக்காட்டினரே. எண்ணிக்கையைவிட இந்த ஒரு எண்தான் நம் வேலையின் அளவுகோல் என்பேன்.

இந்த அரங்கில் கட்டுரை படிக்கவிருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் நோயாளிகளில் கூலித் தொழிலாளர் எத்தனை பேர், அவர்களில் சர்க்கரை கட்டுக்குள் இருப்போர் எத்தனை பேர், எத்தனை பேரின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இம்மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.