மூச்சறைகளைக் காக்கும் பூச்சு

நாம் உள்ளிழுக்கும் காற்று, நாசியில் தூசு நீங்கி, மூச்சுக்குழல் வழியே இறங்கி, கிளைகிளையாகப் பிரியும் நுண்குழல்களின் முடிவிலுள்ள சிற்றறைகளை அடைகிறது. கோடிக்கணக்கான இச்சிற்றறைகளின் மெல்லிய சுவர்களினூடேதான் பிராணவாயு இரத்தத்தில் கலப்பதும் கரியமிலவாயு வெளியேறுவதும் இடையறாது நிகழ்கின்றன.

இவ்வறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரப் பரப்பு தன்னைத்தானே சுருக்கிக்கொள்ள முயல்வது இயற்கையாதலால், மூச்சை வெளிவிடும்போதெல்லாம் அவை நனைந்த துணிப்பைபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவ்வாறு நேராமல் காப்பது, அவ்வறைகளின் சுவரே சுரக்கும், கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய பூச்சாகும்.

கருவிலிருக்கும் சிசுவுக்கு இது கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலேதான் போதிய அளவு சுரக்கிறது. குறைமாதக் குழந்தைகள் பல மூச்சுத் திணறி மாண்டதற்கு இப்பூச்சின் குறைவே காரணமென்பதை, 1959-இல் அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீட் என்பவரும் கண்டறிந்து கூறினர். ஆயினும் சிகிச்சை கைகூடவில்லை. 1963-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குக் குறைமாதத்தில் பிறந்த ஆண்மகவும் இந்நோயினாலேயே இரண்டு நாட்களில் இறந்தது. 1980-இல் ஜப்பானிய மருத்துவர் புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து தயாரித்த பூச்சைக் குழந்தைகளின் மூச்சுக்குழலில் செலுத்தி நற்பயன் கண்டார்.

இன்று, பிரசவத்திற்கு முன்பே தாய்க்குப் போடும் ஊசியொன்று சிசுவின் நுரையீரலை விரைந்து முதிரச் செய்கிறது. ஆகவே, மாதம் நிறையுமுன் பிரசவ வலி தோன்றினால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.